நடக்கும் வேலை கேட்டவர்

எனக்குத் தெரிந்தவர்களில், தன் வேலை தனக்குப் பிடிக்காது என்பதை எவரிடமும் மறைக்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதை அலுத்துக்கொண்டோ அழுதுகொண்டோ சொல்ல மாட்டார். இன்றைக்கு மழை வரும், வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

"எனக்குப் புள்ளைங்கள பாக்குற வேல புடிக்காது."

அவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் ஆயாவாக இருந்தார்.

தாய்மார் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அறைதான் பிள்ளைக்காம்பரா. கண்டிக்குப் பக்கத்து வத்தேகம நகரிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், தொலைவில் இருந்தது எங்கள் தோட்டம். அந்த அறையில் கூரைவளையிலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள் எட்டு, மூலையில் ஓர் அடுப்பு, ஒரு சுவர்க்கடிகாரம், பதினான்கு பிள்ளைகள். காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலரை வரை இவையெல்லாவற்றுக்கும் நடுவில் அவர். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். கல்யாணமாகவில்லை. தாயும் தகப்பனும் காலமாகிவிட்டார்கள். வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். யாராவது ஒரு பிள்ளை 'ஆயாம்மா' என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார்.

"ஆயா வேல செய்றேன். அம்மா இல்ல. அக்கான்னு கூப்புடு."

அதனால் பால்குடி மறக்காததுகள் முதல் நான் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியராக இருந்தேன். என் தம்பிக்கு மூன்று வயது. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா கொஞ்சம் வெட்கத்தோடு பெற்ற பிள்ளை அவன். பள்ளிக்கூடம் விட்டதும் அவனைப் பார்க்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போவேன். அப்படித்தான் அவரை அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தது.

தாய் விட்டுவிட்டுப் போனதும் பிள்ளைகள் அழும். 'அம்மா இந்தா வந்துருவா' என்றுதான் உலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அழும் பிள்ளையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்கும்படி உட்காரவைப்பார்.

"சின்ன முள்ளு அந்தா அந்த எடத்துக்கு வந்தாத்தான் ஒங்கம்மா வருவா. அழுதாலும் அப்பதான், அழாட்டியும் அப்பதான். அழணும்னா அழு. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிடும். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது அம்பிட்டியவில் என் மகளைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகிறேன். "அம்மா கடைக்குப் போயிட்டு இப்ப வந்துர்றேன்" என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். இரண்டு மணிக்கு நான் திரும்பும்வரை அவள் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அங்குள்ள பெண் சொல்கிறாள். அக்காவைப்போல உண்மையைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். வாசலுக்கு வந்ததும் வாய் வராது. உண்மையைச் சொல்வதற்கு அவருக்கிருந்த தைரியம் பிள்ளைகளைப் பெறாததால் வந்ததோ என்றும் யோசித்திருக்கிறேன். அப்படி நினைப்பது நியாயமில்லை என்றும் தெரியும்.

பிடிக்காத வேலையை அவர் செய்த விதம் வேறு எவருக்கும் வராது. அடுப்பில் கஞ்சிப் பானையை வைப்பதற்கு முன்னால் தரையில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். ஒரு நாள் தவறாமல் போடுவார். "இது மெயின் ரோட்டு. இந்தப் பக்கம் வந்தா லொறி அடிச்சிரும்" என்பார். நடக்கத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் கோட்டுக்கு அப்பால் நின்று லொறி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர் அந்தக் கதவைத் திறந்து மூடிய காலத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ஒருமுறை வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா விளையாட்டுச் சாமான்கள் கொண்டுவந்தார். மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் கூட வந்திருந்தார்.

"உங்களுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர், இல்லையா என்று மேடம் கேட்கிறார்."

"இல்லன்னு சொல்லுங்க மிஸ். வேலய ஒழுங்கா செய்வேன்னு சொல்லுங்க. அன்ப அவங்கவங்க அம்மா சாயந்தரம் வந்து குடுக்கட்டும்."

மிஸ் சிரித்த முகம் மாறாமல் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். வெள்ளைக்கார அம்மா நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிக்குள்ளிருந்தே அக்கா அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்னத்த சொல்லித் தொலச்சாங்க?"

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன். "பதினாலும் நீங்க பெத்த புள்ளைங்க மாதிரின்னு சொன்னாங்கக்கா."

"பதினாலா" என்றார். "நல்லவேள, கட்டிப்புடிச்சதோட போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டாங்களே."

அவருக்குப் பிடித்த வேலை என்னவென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எல்லோரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர் தப்பால்காரராக விரும்பினார்.

தோட்டத்துக்கு வரும் கடிதங்களை வத்தேகமத் தபாலகத்திலிருந்து பையில் எடுத்துவந்து தோட்டத்து ஆபீசில் கொடுப்பவர்தான் தப்பால்காரர். காலை எட்டரைக்குக் காக்கிப் பையோடு பிள்ளைக்காம்பராவைத் தாண்டிப் போவார். சந்தியில் பஸ் ஏறுவார். வரும் வழியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். அவர் பை ஆபீசுக்கு வர இரண்டு மணி தாண்டிவிடும். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பார்.

"இன்னக்கி ரெண்டே கால். நத்த கெளம்பியிருந்தாலும் வந்து சேந்துருக்கும்."

"ஒனக்கு என்னா வந்துச்சு புள்ள? ஒனக்கு யாரு கடுதாசி போடப்போறா?"

"எனக்கு யாரும் போட வேணாம். போட்டது போய்ச் சேரணும்."

பை வந்தாலும் கடிதம் உடனே கைக்கு வராது. பெரிய கிளாக்கர் நினைத்த நேரத்தில்தான் அதைப் பிரிப்பார். உத்தியோகத்தர்களின் கடிதங்கள் அன்றே போய்விடும். தொழிலாளர்களின் கடிதங்கள் யன்னலோரத்துப் பெட்டியில் கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்றைக்காவது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பண்டாரவளையில் செத்துப்போன சித்தப்பாவின் செய்தி கருமாதி முடிந்த பிறகு வந்த வீடு எங்கள் லயத்திலேயே உண்டு.

ஆனால் கடிதங்கள் மட்டும் காரணமென்று சொன்னால் அது அவரை நல்லவராகக் காட்ட நான் செய்யும் வேலையாகிவிடும். அவருக்கு நடக்கப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன்வரை நடந்து போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். அண்ணி கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார். ஒருநாள் நானும் கேட்டேன்.

"ரோட்டுல எறங்குனா எதுக்குப் போறேன்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது" என்றார். "தோள்ல பை இருந்தா கேக்க மாட்டான். அந்தக் காம்பராவுக்குள்ள நா பகலையே பாக்குறதில்லடி. கடியாரத்தத்தான் பாக்குறேன்."

அந்தத் தப்பால்காரருக்கு முழங்கால் பழுதாகி அவர் வேலையைவிட்டு நின்றார். அன்று மாலையே அக்கா ஒரு தாளும் பேனாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீ எழுது. ஒன் எழுத்து நல்ல எழுத்துன்னு ஒங்கம்மா சொல்லிச் சொல்லி என் காது புளிச்சுப்போச்சு. தொரைக்கு மனு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கு நடக்கப் பிடிக்கும். தப்பால் வேலை காலியாக இருக்கிறது. நான் பத்தரைக்குப் பையை ஆபீசில் வைப்பேன். பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆள் பழக்கித் தருவேன். அவ்வளவுதான்.

"கஷ்டத்தப் பத்தி ஒண்ணும் எழுத வேணாமாக்கா?"

"எதுக்கு? கஷ்டம்னு எழுதுனா வேற வேலயா குடுப்பாங்க? இருக்குற வேலயவே இன்னும் ரெண்டு மணித்தியாலம் செய்யச் சொல்லுவாங்க."

அவர் போன பிறகு நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன். பிழை அங்கேதான் நடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எழுதும் மனு என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. எங்கள் அப்பாக்களின் காலத்திலிருந்து அந்த முறையில்தான் எழுதுவார்கள். தாழ்மையோடு தொடங்கி, கஷ்டத்தைச் சொல்லி, கண்ணீரில் முடிக்க வேண்டும். விருப்பம் என்ற சொல் உள்ள ஒரு மனுவை நான் பார்த்ததே இல்லை. அவர் சொன்னதை அப்படியே அனுப்பினால் திமிர் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்து, 'தாய் தந்தையை இழந்து ஆதரவற்று வாடும் ஏழைத் தொழிலாளியாகிய நான்' என்று தொடங்கினேன். நடக்கப் பிடிக்கும் என்ற வரியை எடுத்துவிட்டேன். தீராத குடும்பக் கஷ்டம் என்று போட்டேன். கண்ணீர் இரண்டு இடத்தில் வந்தது.

அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார். அன்று வாசிக்கவில்லை. "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பெரட்டுக் களத்தில் பெரிய கிளாக்கர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு நானும் அங்கே நின்றேன். கிளாக்கரின் காலடியில் ஒரு மூட்டை கோதுமை மாவும் அதன்மேல் மடித்த ஒரு கம்பளியும் இருந்தன.

"தொர ஒன் மனுவ பாத்து ரொம்ப வருத்தப்பட்டாரு. ஆதரவில்லாம வாடுறியாமே. இத ஒனக்குக் குடுக்கச் சொன்னாரு."

கூட்டத்தில் நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஆதரவில்லையா? அப்ப என் வீட்டுல திங்கிறது யாரு?"

அக்கா அண்ணனைப் பார்க்கவில்லை. "வேல?" என்று கேட்டார்.

"வேலயப் பத்தித் தொர ஒண்ணும் சொல்லல. அதுக்கு ஆம்பள ஆள் பாக்குறோம். நீ அழுவாமப் போ."

"நா எங்க அழுதேன்?"

யாரோ சிரித்தார்கள். அக்கா மாவு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். லயத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். நேரே ஆபீஸ் விறாந்தைக்குப் போய், பெரிய கிளாக்கரின் கதிரையில் மூட்டையை உட்காரவைத்து, அதற்குக் கம்பளியையும் போர்த்திவிட்டு இறங்கி வந்தார். ஏழு மணிக்குப் பிள்ளைக்காம்பரா வழமைபோலத் திறந்திருந்தது.

அன்று நான் போனபோது அவர் ஒரு பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அந்தக் கடுதாசியில என்னய எத்தன எடத்துல அழ வச்ச?"

"ரெண்டு எடத்துலக்கா."

"எனக்கு அழுவ வந்தா நானே அழுவேன். என் பேர்ல நீ அழுவாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப இது யாருக்கு?" என்றார். பிறகு, "மூஞ்சியக் கழுவு. நாலரைக்கு ஆபீசுக்குப் போறோம். நீ வாயத் தொறக்க வேணாம். சும்மா பக்கத்துல நில்லு" என்றார்.

துரை சிங்களவர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். அக்கா அவர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னவற்றை நான் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"தொர, அந்தக் கடுதாசி நா சொன்னது இல்ல. எனக்குக் கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு. ஒரு வாரம் குடுத்துப் பாருங்க."

"பொம்பள தனியா நாலு கட்ட போறதா?"

"கொழுந்துக் கூடையோட அதுக்கு மேல நடக்குறாங்க தொர. அத யாரும் அளந்து பாக்குறது இல்ல."

துரை சிரித்தார். கோபப்படுவார் என்று நான் பயந்திருந்தேன். ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த ஒரு வாரமும் பை பத்தே காலுக்கு ஆபீசில் இருந்தது. அவர் பையை வைத்துவிட்டுப் போகவும் இல்லை. "நீங்க பிரிங்கய்யா. நா நிக்கிறேன்" என்று கிளாக்கரின் யன்னலடியில் நிற்பாராம். பிரித்ததும் தொழிலாளர்களின் கடிதங்களை வாங்கிக்கொண்டு மலைக்கே ஏறிவிடுவார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கறைபிடித்த விரல்களால் கடிதத்தைப் பிரித்தார்கள். அன்றைய கடிதம் அன்றைக்கே வரும் என்பதை எங்கள் தோட்டம் அந்த வாரத்தில்தான் கண்டது.

வியாழக்கிழமை அவரை ரோட்டு வளைவில் கண்டேன். காக்கிப் பை தோளில் இருந்தது. கையில் ஒரு புல்லைப் பிடுங்கி வைத்திருந்தார். அவசரமில்லாமல், ஆனால் எங்கும் நிற்காமல் வந்தார். அந்த முகத்தை நான் பிள்ளைக்காம்பராவில் பார்த்ததில்லை. "அக்கா" என்று கூப்பிட்டேன். "வேலையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

அதே வாரம் பிள்ளைக்காம்பராவில் ஒரே அழுகை. கிளாக்கர் அனுப்பிய பெண்ணுக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. யாருக்கு எந்தப் போத்தல் என்று தெரியாது. மலையில் நின்ற தாய்மாருக்கே சத்தம் கேட்டதாம். இரண்டு பேர் பாதி வேலையில் கூடையை வைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார்கள். சனிக்கிழமை தாய்மார் எல்லோருமாக ஆபீசுக்குப் போனார்கள். முன்னால் நின்றவள் என் அம்மா.

"அவ இல்லாட்டி நாங்க மலைக்கிப் போக மாட்டோம் தொர. புள்ளைங்கள அவளாட்டம் இன்னொருத்தி பாக்க முடியாது. எம்புள்ள அவகிட்ட இருந்தா நா அவன மறந்துட்டுக் கொழுந்தெடுப்பேன். இப்ப ஒரு வாரமா கையி கொழுந்துல, மனசு இங்க."

தப்பால் பையோடு அக்கா அதே விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருத்தியும் அவரைப் பற்றி ஒவ்வொரு நல்லது சொன்னாள். ஒருத்தர் தன்னைப் பற்றிய புகழ்ச்சியை அவ்வளவு கசப்போடு கேட்டு நான் பார்த்ததில்லை. துரை கையை நீட்டினார். அக்கா பையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இறங்கும் படிகளில் அம்மா சமாதானமாகப் பேசப் போனாள். "கோவிச்சுக்காத புள்ள. நாங்க உள்ளதத்தான் சொன்னோம்."

"உள்ளதத்தான் சொன்னீங்கக்கா. அதான் என்னயக் கட்டிப்போட்டுருச்சு." ஒரு படி இறங்கி நின்றார். "இன்னும் ஒரு மாசம் இருப்பேன். ஆள் பாருங்க."

"அப்பறம் என்னா செய்வ?"

"நடப்பேன்."

யாரும் நம்பவில்லை. அவர் தானே ஒரு பெண்ணைப் பிடித்தார். பத்தொன்பது வயதுப் பெண். ஒரு மாதம் அவளைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். யாருக்கு எந்தப் போத்தல், யார் எந்தத் தொட்டிலில் தூங்கும், எவன் கடிப்பான், கோடு எங்கே போட வேண்டும், எல்லாம். மாதம் முடிந்த அன்று சாவியைக் கிளாக்கரின் யன்னலில் வைத்தார்.

"தோட்டத்துப் பதிவுல பேர் இல்லாதவங்க தோட்டத்து லயத்துல இருக்க முடியாது, தெரியுந்தானே?" என்றாராம் கிளாக்கர்.

"அண்ணன் பேரு இருக்கு, அண்ணி பேரு இருக்கு. நா அவங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளிக்கும் பெரட்டு உண்டுங்களாய்யா?"

வத்தேகமயில் பத்திரிகை விற்கும் கடைக்காரர் ஒருவர் அவரை வேலைக்கு எடுத்தார். எங்கள் தோட்டம், அடுத்த தோட்டம், இடையில் உள்ள கடைகள், உத்தியோகத்தர் வீடுகள் எல்லாவற்றுக்கும் காலையில் பத்திரிகை கொண்டுபோக வேண்டும். பழைய வேலையைவிட வருமானம் குறைவு. சேமலாப நிதி கிடையாது. அண்ணி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மழைநாளில் பத்திரிகைக்குப் பொலித்தீன் சுற்றி, தான் நனைந்துகொண்டு வருவார். அது யுத்த காலம். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். கொட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப அடுக்கிக்கொண்டு வருவார். முகம் அந்த வியாழக்கிழமை முகந்தான்.

கொஞ்ச நாளில் லயத்துக்காரர்கள் தங்கள் கடிதங்களுக்கு அந்தப் பத்திரிகைக் கடையின் விலாசத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். கடைக்கு வரும் கடிதத்தை அக்கா பத்திரிகையோடு கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். ஆபீஸ் பெட்டிக்குப் போகும் கடிதங்கள் குறைந்தன. ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது நானும் அந்த விலாசத்தைத்தான் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்காக நான் காத்திருந்த நாள்களில்தான் தம்பிக்குக் கை சுட்டது. புதிய பெண் கஞ்சிப் பானையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்கத் திரும்பியிருக்கிறாள். அன்று கோடு போடவில்லை. தம்பியின் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. கண்டி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் அம்மா அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. "அவ இருந்திருந்தா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொல்வேன். மனுவை அவர் சொன்னபடி எழுதியிருந்தால் துரை அன்றைக்கே மறுத்து, எல்லாம் அத்தோடு முடிந்திருக்குமோ என்று நினைப்பேன். இல்லை, அப்போதும் அவர் போயிருப்பார் என்று நினைப்பேன். இப்போது ஒரு தாயாக யோசித்தால், அந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அவர் போனது பிழை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை அக்கா பத்திரிகைப் பையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு. நல்லாப் பாரு."

அக்கா பையை இறக்கிவைத்துவிட்டுக் குந்தினார். அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார். பார்வையை எங்கும் திருப்பவில்லை.

"வலிக்குதாடா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"ம். இன்னும் கொஞ்ச நாளைக்கி வலிக்கும். அப்பறம் கொறஞ்சிரும். தழும்பு இருக்கும்."

தம்பி தலையை ஆட்டினான். அக்கா எழுந்தார்.

"நா இருந்திருந்தா இது நடந்திருக்காதுக்கா. நீங்க சொல்றது சரி. இவனப் பாக்கத் தெனமும் வருவேன். ஆனா அந்தக் காம்பராவுக்கு வர மாட்டேன்."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வலிக்குது. வெக்கமா இல்ல."

பிறகு பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் பக்கம் நீட்டினார். அரசாங்க முத்திரை அடித்த கடிதம். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த விலாசத்தை நான் போட்டிருந்ததை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

"அவ கையால வாங்காத" என்றாள்.

அதுவரை அம்மாவின் சொல்லை நான் தட்டியதில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அக்கா மற்றப் பத்திரிகைகளைச் சரிசெய்துகொண்டு அடுத்த லயத்துக்கு ஏறிப் போனார்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேர்முகப் பரீட்சை நாளில், நான் சேலையோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். மடிப்பு வைத்து ஊசி குத்திவிட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் சந்திவரை என்னோடு வந்தாள்.

நாங்கள் நிற்கும்போது டவுன் பக்கமிருந்து அக்கா நடந்து வந்தார். அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி கட்டுப்போட்ட கையை ஆட்டினான். அக்காவும் கையை ஆட்டினார். எங்களைத் தாண்டும்போது நடையைக் குறைக்காமல் என்னிடம் சொன்னார்.

"சேல நல்லாக் கட்டியிருக்கு."

அம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாந்தான் கட்டிவிட்டேன்."

"தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் மேட்டில் ஏறினார்.